இது எந்தக் க்ரீம்?

பன்னா கோட்டா சாப்பிட்டிருப்பீர்கள். பெயர் ஞாபகம் இல்லாவிட்டாலும் ஆளைப் பார்த்தால் தெரியும். சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருக்கும். ஸ்பூனால் தொட்டால் லேசாக ஆடும். தலையில் சிவப்பாகவோ ஊதாவாகவோ ஒரு சாஸ். சென்னை, கோவை, மதுரை எதுவானாலும், கொஞ்சம் மங்கலான விளக்கு போட்ட ரெஸ்டாரென்ட் என்றால் மெனுவின் கடைசிப் பக்கத்தில் இது இருக்கும். கீழே 'பெர்ரி சாஸுடன்' என்று சாய்வெழுத்தில் ஒரு வரி. விலை பெரும்பாலும் முந்நூறைத் தொடும்.

அடுத்த முறை ஆர்டர் செய்யும்போது, எடுத்து வருகிற தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இது எந்தக் க்ரீம்?"

தம்பி விழிப்பார். அவர் மேல் தப்பு இல்லை, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உள்ளே போய்விட்டு வந்து "ஃப்ரெஷ் க்ரீம்தான் சார்" என்பார். நான் நாலைந்து இடத்தில் கேட்டுப் பார்த்துவிட்டேன். பதில் மாறவில்லை. ஒரே ஓர் இடத்தில் சமையல்காரரே வெளியே வந்து, "டாப்பிங் கலந்தது சார். அப்பதான் நிக்கும்" என்றார். அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

இத்தாலிய மொழியில் பன்னா என்றால் க்ரீம். கோட்டா என்றால் சமைத்தது. வடக்கு இத்தாலியில் பீட்மான்ட் என்ற பகுதி இதைத் தன் சொந்தப் பலகாரம் என்று சொல்லிக்கொள்கிறது. பாலாடையும் சர்க்கரையும் சூடு பண்ணி, இறுக வைக்க ஏதாவது ஒன்றைச் சேர்த்து, குளிர வைத்தால் வேலை முடிந்தது. பெயரிலேயே இருக்கிற அந்த ஒரே சாமான்தான் நம் ஊரில் காணாமல் போகிறது.

அதனால் இந்த வாரம் இதை வீட்டில் செய்யப் போகிறோம். சமையல் குறிப்பு எழுதுகிற உத்தேசம் எனக்கு இல்லை. ஆனால் ஒரு பண்டத்தை ஒரு தடவை கையால் செய்து பார்த்தால்தான் கடைக்காரர் எதை எங்கே மாற்றினார் என்பது புரியும். வேறு எந்த விழிப்புணர்வுப் பிரசாரமும் இதற்கு ஈடு ஆகாது.

முதலில் க்ரீம். பேக்கரி சாமான் விற்கிற கடைக்குப் போய் 'க்ரீம்' என்று கேட்டால், ஃப்ரீசரிலிருந்து ஒரு லிட்டர் அட்டை டப்பா ஒன்றை எடுத்துத் தருவார்கள். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் 'விப் டாப்பிங்' என்று போட்டிருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் தண்ணீர், சர்க்கரை, ஹைட்ரஜன் ஏற்றிய தாவரக் கொழுப்பு (பெரும்பாலும் பனைவகை எண்ணெய்), அப்புறம் எண்கள் எண்களாகச் சில சமாசாரங்கள். பால் இருந்தாலும் பேருக்குத்தான். கம்பெனிக்காரர் ரொம்பக் கெட்டிக்காரர், டப்பாவில் எங்கேயும் க்ரீம் என்று எழுதியிருக்க மாட்டார். விற்கிறவர் க்ரீம் என்கிறார், வாங்குகிறவர் க்ரீம் என்கிறார், கேக் வெட்டும்போது நாம் குழந்தையின் கன்னத்தில் தடவி க்ரீம் என்கிறோம். எழுதினவர் மட்டும் சட்டப்படி சுத்தமாக இருக்கிறார்.

நம் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? க்ரீம் என்ற பெயரில் விற்கும் பொருளில் குறைந்தபட்சம் 25 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். ஐஸ்கிரீம் என்றால் குறைந்தபட்சம் 10 சதவீதம் பால் கொழுப்பு. தாவர எண்ணெயில் செய்தால் அதற்கு 'ஃப்ரோஸன் டெஸர்ட்' என்றுதான் பெயர். இந்த வித்தியாசத்தை 2017இல் அமுல் டிவி விளம்பரத்தில் உடைத்துச் சொன்னது. க்வாலிட்டி வால்ஸ் பிராண்டை அப்போது வைத்திருந்த ஹிந்துஸ்தான் யூனிலீவர் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. போட்டியாளரின் பொருளை இழிவுபடுத்துகிறது என்று சொல்லி நீதிமன்றம் விளம்பரத்தை நிறுத்தியது. 2018இல் அப்பீலிலும் அதே தீர்ப்புதான். இரண்டு பெரிய கம்பெனிகளின் சண்டையில் எனக்குக் கட்சி இல்லை. அமுல் ஒன்றும் தர்மத்துக்காக வாதாடவில்லை, அதற்கு விற்கப் பால் இருந்தது. ஆனால் அந்த வழக்கு நடந்ததால்தான் லட்சக்கணக்கான பேருக்குத் தாங்கள் இத்தனை வருஷம் நக்கியது ஐஸ்கிரீமா வேறு ஒன்றா என்ற சந்தேகமே வந்தது. அதற்கு முன்னாலும் அந்த வார்த்தை குச்சியைச் சுற்றின காகிதத்தில் இருந்தது. யாருக்கும் படிக்கத் தோன்றவில்லை.

இன்னொரு கூத்து. சோயா, பாதாமிலிருந்து எடுப்பதைப் 'பால்' என்ற பெயரில் விற்கக் கூடாது என்று 2021இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கண்டிப்பாகச் சொன்னது. இணையக் கடைகளிலிருந்து அப்படிப்பட்டவற்றை எடுக்கச் சொன்னது. பாதாம் பாலைப் பசும்பால் என்று நினைத்து ஏமாறுகிற அளவுக்கு அப்பாவி யார் என்று எனக்குத் தெரியவில்லை. பனைவகை எண்ணெய் நுரையைப் பாலாடை என்று நினைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். பாக்கெட்டுக்கு வெளியே, ரெஸ்டாரென்ட் மேஜையில், அவர்களைக் காப்பாற்ற ஆளில்லை. 2022 முதல் பத்தோ அதற்கு மேலோ கிளைகள் உள்ள ஓட்டல்கள் மெனுவில் கலோரி எழுத வேண்டும். எழுதுகிறார்கள். என்ன கொழுப்பு என்று எழுதச் சொல்லவில்லையே! எனக்கு 340 கலோரி என்று தெரிந்து என்ன ஆகப் போகிறது? அது பசு கொடுத்ததா, பனைக்கொட்டை கொடுத்ததா என்பதல்லவா கேள்வி?

சரி, வீட்டுக்கு வருவோம். பெட்டிக் கடையிலேயே கிடைக்கிற 200 மில்லி ஃப்ரெஷ் க்ரீம் பாக்கெட் ஒன்று போதும். அட்டையில் 25 சதவீதம் பால் கொழுப்பு என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு கால் லிட்டர் ஃபுல் க்ரீம் பால். சட்டப்படி அதில் 6 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் 450 மில்லியில் ஏறக்குறைய 65 கிராம் பால் கொழுப்பு, அதாவது 14 சதவீதம். ஐஸ்கிரீமுக்குச் சட்டம் கேட்பதைவிட அதிகம். இத்தாலிக்காரர்கள் இன்னும் கெட்டியான க்ரீமில் செய்கிறார்கள், நமக்கு இந்தச் சூட்டில் இது போதும். க்ரீம் உடம்புக்கு நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. சின்னக் கிண்ணத்தில், எப்போதாவது சாப்பிட வேண்டியது. ஆனால் கெடுதல் பண்ணிக்கொள்கிற உரிமையும் என்னுடையதுதானே? எதனால் கெடுகிறேன் என்று தெரிந்து கெட்டுப்போகிறேன்.

அடுத்தது பெர்ரி. இங்கேதான் கூத்து உச்சத்துக்குப் போகிறது.

பிறந்த நாள் கேக்கின் உச்சியில் பளபளவென்று சிவப்பாக உட்கார்ந்திருக்கிறதே செர்ரி, அதில் பெரும்பாலானவை செர்ரி இல்லை. களாக்காய். கொட்டையை எடுத்து, சாயம் ஏற்றி, சர்க்கரைப் பாகில் ஊற வைத்த நம்ம ஊர்ப் புதர்க் களாக்காய். ஊறுகாய்க்குப் போக வேண்டியது வேஷம் கட்டிக்கொண்டு கேக் மேல் ஏறிவிட்டது. அந்தச் சிவப்புக்கு வழக்கமாகப் போடுகிற எரித்ரோசின் என்ற சாயத்தை 2025 ஜனவரியில் அமெரிக்கா உணவிலிருந்து நீக்க உத்தரவிட்டது. நாம் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி இருந்ததற்காக 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்கத் தடை போட்டோம். சரிதான், அது துணிக்குப் போடுகிற சாயம், தடை போட வேண்டியதுதான். ஆனால் பீச்சில் குச்சியைத் தோளில் சாய்த்து விற்கிற ஆளிடம் காட்டுகிற வீரத்தை ஏசி போட்ட கடைகளிலும் கொஞ்சம் காட்டலாம்.

பாட்டிலில் வருகிற ஸ்ட்ராபெர்ரி க்ரஷ், ப்ளூபெர்ரி க்ரஷ் வகையறாவுக்கும் சட்டம் இருக்கிறது. பழம் 25 சதவீதம் இருந்தால் போதும். மிச்சம் முக்கால் பங்கில் பெரும்பகுதி சர்க்கரையும் தண்ணீரும்தான். சில பாட்டில்களில் அந்தப் பழமும் கிடையாது, மணமும் நிறமும் மட்டும். 'சிந்தெடிக் சிரப்' என்று ஓரமாக எழுதியிருக்கும். உங்கள் முந்நூறு ரூபாய்ப் பண்டத்தின் தலையில் ஊற்றியது எந்தப் பாட்டில் என்று தம்பிக்குத் தெரியாது. சாய்வெழுத்துக்கும் தெரியாது.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். தாவரவியல் படித்தவர்களைக் கேளுங்கள், ஸ்ட்ராபெர்ரி பெர்ரியே இல்லை என்பார்கள். தக்காளி பெர்ரி. கத்தரிக்காய் பெர்ரி. வாழைப்பழம் பெர்ரி. திராட்சை அசல் பெர்ரி. எனவே ப்ளூபெர்ரி கிடைக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். தெருமுனை வண்டியில் கறுப்பாகக் கொட்டிக் கிடக்கிற பன்னீர் திராட்சையில் கால் கிலோ வாங்குங்கள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வருவது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. கொட்டை இருக்கிறது, புளிக்கிறது என்று சூப்பர் மார்க்கெட்காரர்கள் ஒதுக்குகிற பழம். சாஸுக்கு அந்தப் புளிப்புதான் வேண்டும். மருந்து அடித்திருப்பார்கள், அதனால் உப்புத் தண்ணீரில் நன்றாக அலசிவிடுங்கள். பிறகு கையால் நசுக்கி, மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டு, தண்ணீர் விடாமல் சின்னத் தீயில் பத்து நிமிஷம். தோல் சாயத்தை விட்டதும் வடிகட்டியில் அழுத்தி வடித்து, மறுபடியும் ஸ்பூனில் ஒட்டுகிற பதத்துக்குச் சுண்ட வையுங்கள். கடைசியில் அரை மூடி எலுமிச்சை. நிறத்தைப் பாருங்கள். எந்தப் பாட்டிலிலும் வராத ஊதா. ஆடி மாதம் என்றால் நாவல்பழத்தில் செய்யலாம், அதுவும் பிரமாதமாக வரும். நாக்கு நீலமாகும், அவ்வளவுதான்.

இப்போது, இந்த வெள்ளையை ஆட வைக்கிற சங்கதி. அது என்ன என்று கேட்கிறவர்கள் க்ரீமைப் பற்றிக் கேட்கிறவர்களைவிட இன்னும் குறைவு.

மூலப் பன்னா கோட்டாவில் போடுவது ஜெலட்டின். மாடு, பன்றி இவற்றின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சாப்பிடுகிறவர்கள் தாராளமாகச் சாப்பிடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் முட்டை போட்ட கேக்கா என்று மூன்று தடவை கேட்கிற அதே மாமி, பச்சைப் புள்ளி தேடாமல் பிஸ்கட் கூட வாங்காத அதே மாமா, இந்தக் கிண்ணத்தை மட்டும் கேள்வியே இல்லாமல் காலி பண்ணுவதைப் பார்க்கும்போது சிரிப்பு வருகிறது. பாக்கெட்டில் தேடுகிற பச்சைப் புள்ளியைக் கிண்ணத்தில் தேடுவதில்லை.

வீட்டில் ஜெலட்டின் வேண்டாம். மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று கேளுங்கள். பெயரில்தான் சீனாவும் புல்லும் இருக்கிறது, உள்ளே இருப்பது கடற்பாசி. அகர் அகர் என்று மலாய் மொழிப் பெயரும் உண்டு. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் ரம்ஜான் நோன்பு மாதத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சித் தட்டில் ஊற்றி, டைமண்ட் டைமண்டாக வெட்டித் தருவார்களே, 'கடல்பாசி', அதேதான். யோசித்துப் பார்த்தால் அது நம் ஊர்ப் பன்னா கோட்டா. எந்த மெனுவிலும் சாய்வெழுத்தில் வராததால் நமக்கு அதன் மேல் மரியாதை இல்லை.

ஜெலட்டினைவிட இது நம் வெயிலுக்குத் தோதானது. ஜெலட்டின் கிண்ணம் மே மாதச் சென்னையில் மேஜைக்கு வருவதற்குள் கண்ணீர் விட ஆரம்பிக்கும். அகர் ஒரு தடவை இறுகினால் 85 டிகிரி வரை சூடு காட்டினால்தான் இளகும். இந்தக் குணத்தால் வைத்தியமே ஒரு படி முன்னேறியது. 1881-82 வாக்கில் ஜெர்மனியில் ராபர்ட் காக் ஆய்வகத்தில் கிருமிகளை ஜெலட்டின் மேல் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் வந்தால் உருகியது, சில கிருமிகள் ஜெலட்டினையே தின்றுவிட்டன. அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸே, உன் ஜெல்லி மட்டும் எப்படி உருகாமல் நிற்கிறது என்று மனைவி ஃபேனியைக் கேட்டார். ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த ஒருவரிடம் ஃபேனி கற்றுக்கொண்ட சமாசாரம் அது, அகர். அதற்குப் பிறகு இன்று வரை உலகம் பூராவும் ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் கிருமி வளர்க்கிற தட்டில் அதுதான் இருக்கிறது. காக் 1882இல் காசநோய்க் கிருமி பற்றி எழுதிய கட்டுரையில் அகர் பற்றி ஒரு வரி உண்டு. ஃபேனியின் பெயர் இல்லை. சமையலறையிலிருந்து வந்த சரக்குக்குப் பெயர் போடுகிற வழக்கம் எப்போது இருந்தது?

நம் பக்கத்திலும் பெயர் இல்லாத பெண்கள்தான். ராமநாதபுரம் கடற்கரையில், பாம்பன் சின்னப்பாலம், ஏர்வாடி பக்கத்து கிராமங்களில், நூற்றுக்கணக்கான பெண்கள் மூச்சடக்கிக் கடலுக்குள் போய்ப் பாறையிலிருந்து பாசியைக் கையால் பறிக்கிறார்கள். அகர் எடுக்கிற பாசிக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் மரிக்கொழுந்து. எவ்வளவு அழகான பெயர்! கண்ணில் ஒரு கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றின துணி, காலில் செருப்பு. அவ்வளவுதான் உபகரணம். காயவைத்த பாசி வியாபாரி கைக்குப் போய், மதுரைப் பக்கத்து ஆலைகளில் அகர் ஆகி, உங்கள் மளிகைக் கடைக்கு வருகிறது.

1986இல் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளையும் சுற்றின கடலையும் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பவளப் பாறைகளைக் காப்பாற்ற வேண்டியதுதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து, அம்மா காலத்திலிருந்து போய்வந்த இடத்துக்குப் போனால் இந்தப் பெண்கள் அத்துமீறியவர்கள். பிடிபட்டால் பாசி பறிமுதல், அபராதம். அவர்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் பறிப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். வேரோடு பிடுங்காமல் கையால் கிள்ளினால் மறுபடி வளரும் என்பது அவர்களுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொன்னதல்ல. அவர்களுடைய தலைவி லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் ஸீகாலஜி அமைப்பு பரிசு கொடுத்தது. இயற்கையைக் காப்பாற்றியதற்காக! அங்கே பரிசு, இங்கே பறிமுதல்.

அதே கடலில் 2000 வாக்கில் பெப்சி நிறுவனம் கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை ஒப்பந்த அடிப்படையில் வளர்க்க ஆரம்பித்தது. ஐஸ்கிரீம், சாக்லெட் பால் வகையறாவைக் கெட்டியாக்குகிற காரகீனன் அதிலிருந்துதான் வருகிறது, பாக்கெட்டில் 407 என்ற எண்ணாக இருக்கும். ஊரில் அதன் பெயர் பெப்சி பாசி. 2008இல் அந்தப் பாசி குருசடைத் தீவின் பவளப் பாறைகள் மேல் படர்ந்துவிட்டதாக ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். மரிக்கொழுந்து கிள்ளுகிற பெண்ணிடம் காட்டிய கண்டிப்பில் பாதியாவது இதற்குக் காட்டினார்களா? 2023இல் தொண்டிக்குப் பக்கத்தில் வலமாவூரில் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். வரட்டும், நல்லதுதான். அந்த 127 கோடிக்கு நடுவில், பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற சாதாரண விஷயமான பாசி எடுக்கும் உரிமைக்கும் அத்தனை பெண்களுக்கும் அடையாள அட்டைக்கும் எத்தனை ரூபாய் ஆகிவிடும்? இந்தத் தொகுதியில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் அவர்கள் கேட்கிறார்கள். சென்னையில் கிண்ணத்தை வழித்துச் சாப்பிடுகிற நாமும் கேட்டால் என்ன?

சைனா கிராஸ் 3 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள், பத்து கிராம் பாக்கெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. அரை மணி ஊற வைத்து, அரை டம்ளர் தண்ணீரில் ஒரு நூல்கூடத் தெரியாமல் கரைகிற வரை கொதிக்க விடுங்கள். பக்கத்து அடுப்பில் பாலும் க்ரீமும் நாலு ஸ்பூன் சர்க்கரையும் சூடாக இருக்கட்டும். கொதிக்க வேண்டாம், ஆறியும் இருக்கக் கூடாது. குளிர்ந்த பாலில் அகரை ஊற்றினால் பிசிறு பிசிறாக முறைத்துக்கொள்ளும். வடிகட்டி ஊற்றிக் கலக்கி, ஐந்து கிண்ணத்தில் பகிர்ந்து, ஆறினதும் ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம். ஐந்து கிண்ணத்துக்கும் சேர்த்து நூற்றைம்பது, கூடப் போனால் நூற்றெண்பது ரூபாய் ஆகும்.

"இதெல்லாம் பார்த்தால் வெளியே எதையுமே சாப்பிட முடியாது சார்" என்று சிலர் சொல்வார்கள். முடியும். நானும் சாப்பிடுகிறேன். கேட்டுவிட்டுச் சாப்பிடுகிறேன். ஒருவர் கேட்டால் வம்புக்காரர் என்பார்கள். ஒரு சனிக்கிழமை ராத்திரி ஒரே ரெஸ்டாரென்டில் பத்து மேஜையிலிருந்து "இது எந்தக் க்ரீம்?" என்று கேள்வி வந்தால், திங்கட்கிழமை மெனுவை மாற்றி அச்சடிப்பார்கள். முட்டை இல்லாத கேக் என்று ஊர் முழுக்க போர்டு வைக்க வைத்தது நாம்தானே? ஆணையமும் ஒரு வரி சேர்க்கலாம். க்ரீம் என்ற சொல்லை மெனுவில் போட்டால், பாலா தாவர எண்ணெயா என்று பக்கத்தில் எழுது. கலோரி எழுத இடம் இருக்கிறபோது இதற்கும் இருக்கும்.

திராட்சை சாஸை நன்றாக ஆற வைத்துதான் ஊற்ற வேண்டும். மிச்சம் இருந்தால் மூடி போட்ட பாட்டிலில் நாலு நாள் ஃப்ரிட்ஜில் தாங்கும். தோசைக்குத் தொட்டுக்கொள்கிற குழந்தைகளும் இருக்கிறார்கள். திட்டாதீர்கள்.